செங்கம்மாவின் கூடப்பிறந்தவர்கள்

திருப்பதியில் தனியாக வந்து நிற்கிறவனுக்கு லாட்ஜில் ரூம் கிடைப்பது குதிரைக்கொம்பு. எங்கேயும் எழுதி மாட்டிய சட்டமில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நாலு படி ஏறி இறங்கிப் பாருங்கள். கவுண்டரில் இருக்கிறவன் உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டான், உங்களுக்குப் பின்னால் யாராவது பெட்டி தூக்கிக்கொண்டு வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பான். வரவில்லையென்றால் "ரூமுலு லேவு" என்று கையை விரித்துவிடுவான். தனியாக வருகிறவன் சாமி கும்பிட வரவில்லை, சாக வந்திருக்கிறான் என்பது அவர்கள் முடிவு. எப்போதோ எங்கேயோ யாரோ அப்படிச் செய்துவிட்டார்களாம். அதற்காக ஒண்டிக்கட்டையாக வருகிற அத்தனை பேரையும் தெருவில் நிறுத்திவிட்டு, கவுண்டருக்கு மேலே இருக்கிற பெருமாள் படத்துக்கு மட்டும் வேளை தவறாமல் ஊதுபத்தி ஏற்றுவார்கள். ரொம்பப் பக்திமான்கள்.

பாலையா லாட்ஜிலும் இதே வழக்கம்தான். அங்கே பெருக்கித் துடைத்து, படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் போடுகிற வேலை செங்கம்மாவுக்கு. ரூம் இல்லையென்று விரட்டப்பட்டு எவனாவது பையோடு படியிறங்கினால் அவள் விளக்குமாற்றை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள். இரண்டு நிமிஷம் என்னவோ பேசுவாள். அப்புறம் அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து கவுண்டரில் நிறுத்துவாள்.

"ரமணா, இவுரு என் தம்பிப்பா. ஊர்லேர்ந்து வந்துகீறாரு. கூட வந்தவங்கன்னு என் பேரைப் போட்டுக்கோ."

ஆளைப் பார்த்து அண்ணன், தம்பி, தங்கச்சி என்று முறை மாறுமே தவிர வசனம் மாறாது. கவுண்டர் ரமணாவுக்கு எல்லாம் தெரியும். ரெஜிஸ்டரில் இரண்டு பேர் இருந்தால் அவனுக்குச் சரி. ஊர் என்கிற இடத்தில் சாந்திபுரம் என்று எழுதுவான். அது செங்கம்மாவின் ஊர். கூடப்பிறந்தவனுக்கு வேறு எந்த ஊர் இருக்கமுடியும்? அவன் கற்றுக்கொடுத்த தெலுங்கு எழுத்தில், நாக்கைத் துருத்திக்கொண்டு, அவள் ஒரு கையெழுத்துப் போடுவாள். முதலாளி பாலையா கண்டுகொள்ளமாட்டார். காலியாகக் கிடக்கிற ரூம் நிரம்பினால் அவருக்கு அக்கா என்ன, தம்பி என்ன. செங்கம்மா அவள் அம்மாவுக்கு ஒரே பெண். கூடப்பிறந்தது ஒரு பூனைக்குட்டிகூடக் கிடையாது.

இதையெல்லாம் பார்க்கப் பார்க்க அவள் மகள் சிவசங்கரிக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு ஏழு வயசிருக்கும்போது நைனா கட்டட வேலைக்கென்று பெங்களூர் போனார். முதல் வருஷம் ஊர் ஜாத்திரைக்கு வந்தார், இரண்டாம் வருஷம் ஆள் மூலம் ஒரு கவுன் அனுப்பினார், மூன்றாம் வருஷம் அதுவும் இல்லை. அடுத்தவன் நிலத்தில் களையெடுத்துக்கொண்டிருந்த செங்கம்மா மகளை இழுத்துக்கொண்டு திருப்பதிக்கு வந்து, லாட்ஜின் மாடிப்படிக்கு அடியில் இருந்த அறையில் குடியேறினாள். கட்டின புருஷனைத் தேடிப் பிடிக்கத் துப்பில்லாதவள் ஊரான் வீட்டுப் புருஷன்களையெல்லாம் தம்பி என்று தேடிப் பிடிக்கிறாளே என்று சிவசங்கரி வாய்விட்டே சொல்வாள். பன்னிரண்டு வயசிலேயே சொன்னாள். வாய் அப்படி.

அம்மாவின் வைத்தியமும் அவளுக்குச் சிரிப்பாக இருக்கும். தனியாக வந்தவர்களைச் செங்கம்மா எதுவும் துருவித் துருவிக் கேட்கமாட்டாள். "கதவுக்குத் தாப்பா மட்டும் போடாதப்பா, நான் தண்ணி கொண்டாருவேன்" என்பாள். சாயங்காலம் மொட்டை மாடிக்குக் கூப்பிடுவாள். கொடியில் காய்ந்த விரிப்புகளை ஒற்றை ஆளாக மடிக்கமுடியாது என்று ஒரு முனையை அவர்கள் கையில் கொடுப்பாள். அவள் பதினைந்து வருஷமாக ஒற்றை ஆளாகத்தான் மடிக்கிறாள், மோவாயில் இடுக்கிக்கொண்டு. எந்த ஊர் ரெட்டியோ, எந்த ஊர் வாத்தியாரோ, அழுத கண்ணோடு விரிப்பைப் பிடித்துக்கொண்டு அவள் எதிரே வருவதும் போவதுமாக இருப்பார்கள். நாற்பது விரிப்பு மடித்து முடிக்கிறதுக்குள் பாதிப் பேர் ஏதாவது பேச ஆரம்பித்துவிடுவார்கள். பேசாதவர்களுக்கு மறுநாளும் விரிப்பு இருக்கும்.

சிவசங்கரிக்குப் பத்து வயசில், மகனைப் பறிகொடுத்த ஒருத்தர் வந்து தங்கினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அழுவார். அதை அப்படியே நடித்துக்காட்டி பக்கத்து ஓட்டல் பையன்களைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தாள். செங்கம்மா பார்த்துவிட்டாள். அடிக்கவில்லை. சோற்றுத் தட்டை மகள் கையில் கொடுத்து அவர் ரூமுக்குள் அனுப்பி, "அவரு துன்னு முடிக்கிற வரைக்கும் எதுர்ல குந்து. அழுவுறவங்களை ஏன் அழுவுறன்னு கேக்காத. துன்னியான்னு கேளு, போதும்" என்றாள். அவர் சாப்பிட்டு முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. சிவசங்கரிக்குக் கால் மரத்துப்போனது. அதிலிருந்து அவள் கற்றுக்கொண்டதெல்லாம் இனிமேல் அம்மா கண்ணில் படாமல் நடித்துக்காட்டவேண்டும் என்பதுதான்.

அந்தக் கூடப்பிறந்தவர்களின் லட்சணத்தையும் சொல்லவேண்டும். ஒரு தம்பி இரண்டு விரிப்பையும் பித்தளைச் செம்பையும் சுருட்டிக்கொண்டு போனான். ஒரு தங்கச்சி, மாமியாரின் நகையோடு ஓடிவந்தவள். போலீஸ் வந்து செங்கம்மாவை நாள் முழுக்க உட்காரவைத்தது. ஒரு அண்ணன், பெரிய வக்கீலாம், ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறேன் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அடுத்த வருஷம் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து அதே லாட்ஜில் ஏசி ரூம் போட்டார். செங்கம்மா சிரித்துக்கொண்டே அவர் எதிரே போனாள். அவர், "ஏய், இந்த பக்கெட்டைச் சரியாக் கழுவு" என்றார். அன்றைக்குச் சிவசங்கரி வயிறு வலிக்கச் சிரித்தாள். "உனக்கு மூளைன்னு ஒண்ணு வெக்கவே இல்லம்மா ஆண்டவன்" என்றாள். செங்கம்மா பக்கெட்டைக் கழுவப் போய்விட்டாள். இந்த ஜென்மத்தைத் திருத்தமுடியாது என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஊர் மாறிக்கொண்டிருந்தது. ஒரு மாடி லாட்ஜ் நாலு மாடியானது. வாசலில் எஸ்டிடி பூத் வந்தது. சாந்திபுரம், குப்பம் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப்பேர் விடிகாலை ரயிலில் பெங்களூர் போய்ச் சேர்ந்தார்கள். சிவசங்கரி பி.காம். முடித்து ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் டெலிபோன் எடுக்கிற வேலையில் உட்கார்ந்தாள். மாடிப்படிக்கு அடியிலிருந்து வருகிறவள் என்று யாருக்கும் தெரியாதபடி இங்கிலீஷில் ஹலோ சொன்னாள். தொண்ணூற்று ஒன்பதாம் வருஷம் அவளுக்குக் குப்பம் டவுனிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஹரிபாபு, பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி. அவன் அம்மா வரலட்சுமி அதை ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வாள். கம்பெனி கொடவுனில் மானிட்டரை அட்டைப் பெட்டியில் வைத்து ஒட்டுகிற வேலை. கம்ப்யூட்டரைத் தொடுகிற வேலைதான், பொய்யில்லை. சிவசங்கரிக்கும் அது தெரியும். ஆனால் பெங்களூர் என்கிற ஒரு வார்த்தைக்கு அவள் பெட்டியென்ன, கொடவுனென்ன, எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வாள். மாடிப்படி அறையை விட்டுப் போனால் போதும்.

புதன்கிழமை பத்தரை மணிக்கு லாட்ஜ் மொட்டை மாடியில் நிச்சயதார்த்தம் என்று முடிவானது. பாலையா பெரிய மனசு பண்ணி மாடியை விட்டுக்கொடுத்தார். செவ்வாய்க்கிழமை மத்தியானம், மகள் நிச்சயத்துக்குப் பூக்கட்டிக்கொண்டிருக்க வேண்டிய செங்கம்மா, ஒரு தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

பெயர் சின்னப்பன் என்றார். நாற்பதைத் தாண்டியிருக்கும். தமிழ் பேசினார். எந்த ஊர் என்றதற்கு, "அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினார். எல்லா ஊரும் அந்தப் பக்கம்தான். ஏழு லாட்ஜ் ஏறி இறங்கியிருக்கிறார். "எனக்குன்னு யாரும் இல்லம்மா. அதைச் சொன்னா ரூம் குடுக்கமாட்டேங்கறாங்க" என்றார். ரமணா வழக்கம்போல எழுதினான்: சின்னப்பன், உடன் அக்கா செங்கம்மா, சாந்திபுரம். பதினாலாம் நம்பர் ரூம்.

சாயங்காலம் அவர் விரிப்பு மடித்தார். சும்மா சொல்லக்கூடாது, ஓரத்தோடு ஓரம் சேர்த்து அழகாகவே மடித்தார். பெண்டாட்டி இருந்தபோது புடவை மடிக்கக் கூப்பிடுவாளாம். அப்புறம் மாடியில் மாவிலைத் தோரணம் கட்ட ஆளில்லை என்று தெரிந்ததும், யாரும் கேட்காமலேயே நாற்காலி போட்டு ஏறினார். வேட்டியில் கிழிசல். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் மாடிக்கு வந்த சிவசங்கரி அதைப் பார்த்துவிட்டு அம்மாவைத் தனியே இழுத்தாள். மெதுவாகப் பேசவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"நாளைக்கு அவங்க வர்றப்ப இந்த ஆளு மேல நின்னுக்கினு இருக்கக்கூடாது. ரூமை விட்டு வெளியில வரக்கூடாதுன்னு சொல்லிடு. உன் பிச்சைக்காரத் தம்பிங்களையெல்லாம் பார்த்தாங்கன்னா அப்டியே திரும்பிப் போயிடுவாங்க."

நாற்காலிமேல் நின்றவர் காதில் அது நன்றாகவே விழுந்தது. முடிச்சைப் போட்டு முடித்துவிட்டு இறங்கினார். "நான் காலீலயே கெளம்பிர்றேன்மா. நீ நல்லா இருக்கணும்" என்றார். சிவசங்கரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் கிளம்பவில்லை. காலை ஆறு மணிக்குக் காப்பி எடுத்துக்கொண்டு போன செங்கம்மா, தாழ்ப்பாள் போடாத கதவைத் தள்ளினாள். கன்னத்துக்குக் கை கொடுத்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது. டாக்டர் வந்து பார்த்து, நெஞ்சுவலி, தூக்கத்திலேயே போயிருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றார். லாட்ஜில் செத்ததால் போலீசுக்குச் சொல்லவேண்டும். ஏட்டு வந்தார். பையைக் கொட்டினால் இரண்டு சட்டை, ஒரு சோப்பு டப்பா, ஒரு சீப்பு. ஒரு துண்டுக் காகிதம் இல்லை. ரெஜிஸ்டரைத் திறந்தால் ஊர் சாந்திபுரம், உடன் அக்கா.

இப்போது தெரிந்துகொள்ளுங்கள், இத்தனை வருஷமாகச் செங்கம்மா செய்துவந்த தப்பு என்னவென்று. எவனுக்கும் அவனவன் ஊரை எழுதவிட்டதில்லை. எல்லோரையும் தன் ஊரில் பிறக்கவைத்தாள். இந்த மனிதரை எங்கே போய் விசாரிப்பது? அவருக்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே விலாசம் அவள்தான்.

பாலையாவுக்கு வேர்த்துக்கொட்டியது. "ஏம்மா செங்கம்மா, உன் தம்பிதானே? நீயே எடுத்துக்கினு போயிடு, லாட்ஜ் பேரு கெட்டுப்பூடும்" என்றார். மாடியை விட்டுக்கொடுத்த பெரிய மனசு பத்து நிமிஷத்தில் இப்படி மாறிவிட்டது. ரமணா பேயறைந்தவன்போல நின்றான். பொய்யாக எழுதினான் என்றால் அவன் வேலை போய்விடும். செங்கம்மா அவனைப் பார்த்தாள், ஏட்டைப் பார்த்தாள். "என் தம்பிதான் சார்" என்றாள். பிணத்தோடு வண்டியில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

எட்டரை மணிக்குக் குப்பத்திலிருந்து சுமோவில் வந்து இறங்கியது மாப்பிள்ளை வீடு. தட்டுத் தட்டாகப் பழம், பூ, புடவை. வாசலிலேயே விஷயம் காதில் விழுந்துவிட்டது. வரலட்சுமி நாற்காலியில் உட்கார்ந்து நியாயம் பேச ஆரம்பித்தாள். "தம்பி செத்துட்டான்னா தீட்டு. தீட்டு வீட்ல தாம்பூலம் மாத்தமுடியாது. தம்பி இல்லன்னா நமக்கு இன்னா வந்துச்சு, எவனோ செத்தான். ரெண்டுல ஒண்ணை உங்கம்மாவைச் சொல்லச் சொல்லு. இந்த முகூர்த்தம் தப்பிப்போச்சுன்னா எங்களுக்கு வேற எடம் பார்த்து வெச்சுகீது." புடவைத் தட்டை மட்டும் மடியிலிருந்து கீழே வைக்கவில்லை.

சிவசங்கரிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வார்த்தை. அவர் யாரோ, எனக்குத் தெரியாது என்று அம்மா சொன்னால் முடிந்தது. ரமணா வேலை போனால் போகட்டும், ஊரில் லாட்ஜுக்கா பஞ்சம்? அம்மா சொல்லமாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். நானே சொல்கிறேன் என்று பட்டுப்புடவையோடு, தலை நிறையப் பூவோடு ஆட்டோவில் ஏறினாள். சாட்சிக்கு ஹரிபாபுவும் ஏறினான்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் ஒரு கொட்டகை. வாசல் பெஞ்சில் ஏட்டு எழுதிக்கொண்டிருந்தார். செங்கம்மா சுவரோரம் குந்தியிருந்தாள். மகளின் நிச்சயத்துக்கென்று எடுத்த புதுப்புடவையைத்தான் கட்டியிருந்தாள். மடியில் அந்தச் சோப்பு டப்பாவும் சீப்பும்.

"ம்மா, ஏன்மா என் உயிரை எடுக்கற? யாருன்னே தெரியாத ஆளுக்காக என் வாழ்க்கையைக் குப்பையில போடறியே" என்றாள் சிவசங்கரி.

செங்கம்மா எழுந்திருக்கவில்லை. "தப்புதான்டி. உனக்குப் பண்ணது தப்புதான்" என்றாள். "ஆனா நேத்து மத்தியானம் அக்கான்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். உசுரோட இருந்தப்ப தம்பி, செத்தப்புறம் இல்லன்னு எப்டிடி சொல்றது? நீ வேணும்னா சொல்லிக்கோ. நான் ஒண்ணும் நெனச்சுக்கமாட்டேன்."

ஏட்டு தலையைத் தூக்கினார். "சீக்கிரம் ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா. போட்டோ எடுத்து ஸ்டேஷன்ல வெச்சுக்கறேன், யாராவது தேடி வந்தா காட்டலாம். ஆனா சொந்தம்னு ஒருத்தர் வாங்கிக்கலன்னா அநாதைப் பொணம்னு எழுதிடுவேன். மூணு நாள் கழிச்சு முனிசிபாலிடி புதைச்சிடும்."

"அப்டியே எழுதிக்குங்க சார்" என்றான் ஹரிபாபு. மூக்கைக் கர்ச்சீப்பால் பொத்திக்கொண்டிருந்தான். "ரோட்ல போற நாயி எங்க செத்தா இன்னா. இந்தம்மாவுக்கு மூளையே கெடையாது சார், கண்ட பிச்சைக்காரனையும் இஸ்துக்கினு வந்து தம்பி, அண்ணன்னு சொல்லிக்கினு திரியுது. கல்யாணத்துக்கப்புறம் இதையெல்லாம் நிறுத்திடணும்னு எங்கம்மா சொல்லிட்டாங்க. பெங்களூர் வீட்டுப் பக்கமும் சும்மா சும்மா வரக்கூடாது." செங்கம்மாவின் தலைக்கு மேலே நின்றுகொண்டு, அவள் அங்கே இல்லாததுபோலப் பேசினான்.

அவன் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. மூளையில்லை, பிச்சைக்காரன், தம்பி அண்ணன், எல்லாம் சிவசங்கரி வருஷக்கணக்காகச் சொன்னதுதான். வார்த்தை கூட மாறவில்லை. ஆனால் இன்னொருத்தன் வாயிலிருந்து வரும்போது அது எத்தனை கேவலமாக இருந்தது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கர்ச்சீப்பைப் பிடித்திருந்த அவன் கையைப் பார்த்தாள். அந்தக் கையையா பிடிக்கப்போகிறோம் என்று இருந்தது. அவனை வெறுக்கிற வேகத்திலேயே தன்னையும் வெறுத்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு சீப்பில் சிக்கியிருந்த ஒரு நரைமுடியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீ சொல்லு" என்றார் ஏட்டு. "இந்தம்மா பொண்ணுதானே நீ? செத்தவரு உனக்கு இன்னா ஆவணும்?"

"மாமா" என்றாள் சிவசங்கரி.

ஏட்டு பேனாவை நிறுத்தினார். "மாமான்னா?"

"அம்மாகூடப் பொறந்தவரு சார். எழுதிக்குங்க. எங்க கையெழுத்துப் போடணும்?"

ஹரிபாபு கர்ச்சீப்பை மூக்கிலிருந்து எடுத்தான். வாட்சைப் பார்த்தான். "ஏய் சங்கரி, உனக்கு இன்னா ஆச்சு? லாட்ஜ் மாடில அத்தினி பேரு குந்திக்கினு கீறாங்க. பத்தரைக்கு முகூர்த்தம்."

சிவசங்கரி தலையிலிருந்த பூவை அவிழ்த்துப் பெஞ்சின்மேல் வைத்தாள். குனிந்து கையெழுத்துப் போட்டாள்.

"தாய்மாமன் செத்துக் கெடக்கறப்ப இன்னாங்க முகூர்த்தம்" என்றாள்.